அலுவலக வேலைக்குப் பிடிஎஃப் எடிட்டர்: எங்கே கை கொடுக்கும், எங்கே காலை வாரும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பில், கொட்டேஷன், ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மென்ட், டெண்டர் என்று ஆபீசுக்கு வருவதும் அங்கிருந்து போவதும் முக்கால்வாசி பிடிஎஃப்தான். அதில் ஒரு தேதியை மாற்ற வேண்டும், நடுவில் ஒரு பக்கத்தை உருவ வேண்டும் என்றதும் "ஒரு எடிட்டர் வாங்கிப் போட்டால் என்ன?" என்ற பேச்சு வந்துவிடும். ஆடிட்டர் ஆபீஸ், வக்கீல் ஆபீஸ், பள்ளி அலுவலகம், சின்ன ஏற்றுமதி நிறுவனம் போன்ற இடங்களுக்குக் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக் கொடுப்பவன் நான். அங்கெல்லாம் திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வேர்டு கோப்பைத் திருத்துவது போல் பிடிஎஃப்பை ஏன் சுலபமாகத் திருத்த முடியவில்லை?

அது திருத்துவதற்காகப் பிறந்ததே இல்லை. அடோபி நிறுவனம் 1993-இல் இதை வெளியிட்டபோது நோக்கம் ஒன்றுதான்: எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும், எந்த பிரிண்டரில் அடித்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும். 2008-இல் இது ஐஎஸ்ஓ தரமாகவும் ஆகிவிட்டது. கோப்புக்குள்ளே எட்டிப் பார்த்தால் பத்தி, அட்டவணை என்றெல்லாம் பெரும்பாலும் எதுவும் இருக்காது. "இந்த எழுத்துருவில் இந்த வடிவத்தை, இடமிருந்து இவ்வளவு, கீழிருந்து இவ்வளவு தள்ளி வை" என்ற கட்டளைகள்தான் வரிசையாக இருக்கும். எடிட்டர் அவற்றைப் பார்த்து "இது ஒரு வரி, இது ஒரு பத்தியாக இருக்கும்" என்று ஊகிக்கிறது. ஊகம் சரியாக இருந்தால் திருத்தம் அழகாக உட்காரும். தப்பினால் ஒரு வார்த்தை சேர்த்ததும் வரி ஓரத்தைத் தாண்டி ஓடும், அட்டவணையில் பக்கத்துக் கட்டத்தின் மேல் ஏறி நிற்கும். வார்த்த தோசையை மறுபடி மாவாக்கப் பார்ப்பது போலத்தான்.

அப்படியென்றால் எடிட்டர் வாங்குவதே தண்டமா?

இல்லவே இல்லை. எழுத்தைத் திருத்துவதை மறந்துவிட்டு, பக்கங்களைக் கையாளுவதற்கு அதைப் பயன்படுத்திப் பாருங்கள், போட்ட காசு வந்துவிடும். டெண்டர் போடும் அலுவலகத்தில் என்ன நடக்கிறது? பதிவுச் சான்றிதழ், மூன்று வருட பேலன்ஸ் ஷீட், அனுபவச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோப்பாக இருக்கும். பாதி ஸ்கேன் தலைகீழாக இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாக்கி, நிமிர்த்தி, வெற்றுப் பக்கங்களைத் தூக்கி, கடைசியில் தொடர்ச்சியாகப் பக்க எண் போடுவது, எடிட்டர் இருந்தால் ஒரு டீ குடிக்கும் நேரத்து வேலை. இல்லாவிட்டால் பிரிண்ட் எடுத்து, கையால் எண் எழுதி, மறுபடி ஸ்கேன் செய்துகொண்டிருப்பார்கள்.

வக்கீல் ஆபீஸ்களுக்கு இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு, இரண்டு பதிப்புகளை ஒப்பிடும் வசதி. எதிர்த்தரப்பு "சின்னத் திருத்தம்தான்" என்று சொல்லி அனுப்பும் ஒப்பந்தத்தைப் பழையதோடு ஒப்பிட்டால், சொல்லாமல் மாற்றிய வரியும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அடோபியின் எடிட்டரான அக்ரோபேட்டின் கட்டணப் பதிப்பில் நான் அதிகம் மதிப்பது இதைத்தான். ஆனால் வாங்கியவர்களில் பலர் இதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

பில்லில் தொகை தப்பாகிவிட்டது. பிடிஎஃப்பிலேயே மாற்றி அனுப்பிவிடலாமா?

கூடாது. பில்லிங் மென்பொருளில் ஒரு தொகை, வாடிக்கையாளர் கையில் வேறொரு தொகை என்றால் மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும். மின்பில் (ஜிஎஸ்டி போர்ட்டலில் பதிவாகும் இ-இன்வாய்ஸ்) என்றால் இன்னும் சிக்கல். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள், பிற நிறுவனங்களுக்குப் போடும் பில்லுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் மின்பில் கட்டாயம். அதில் அச்சாகும் க்யூஆர் கட்டத்துக்குள் விற்பவர், வாங்குபவர் இருவரின் ஜிஎஸ்டி எண்கள், பில் எண், தேதி, மொத்தத் தொகை எல்லாம் டிஜிட்டல் கையொப்பத்தோடு இருக்கின்றன. நீங்கள் மேலே 48,500 என்பதை 45,800 ஆக்கினாலும் ஸ்கேன் செய்தவருக்கு 48,500தான் தெரியும். அவர் உங்களை என்னவென்று நினைப்பார்?

தப்பு நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போர்ட்டலில் அந்த பில்லை ரத்து செய்யலாம். நேரம் கடந்துவிட்டால் கிரெடிட் நோட்தான். மின்பில் வரம்புக்குள் வராத சின்னக் கடையாக இருந்தாலும் இதே பழக்கம் நல்லது. மூலத்தில் திருத்துங்கள், புதிதாக ஒரு பிடிஎஃப் எடுங்கள்.

தமிழ் பிடிஎஃப்பில் கை வைத்தாலே எழுத்து உடைகிறதே, ஏன்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பள்ளிச் சுற்றறிக்கை ஒன்றில் 'திங்கட்கிழமை' என்பதை 'வெள்ளிக்கிழமை' என்று மாற்றப் போகிறீர்கள். 'கிழமை' ஏற்கெனவே இருக்கிறது, பிரச்சினை இல்லை. ஆனால் கோப்பின் அளவைக் குறைப்பதற்காக, பிடிஎஃப்புக்குள் முழு எழுத்துருவும் போவதில்லை. அந்த ஆவணத்தில் பயன்பட்ட வடிவங்கள் மட்டுமே போகும். 'ள்' அந்தச் சுற்றறிக்கையில் எங்கும் வராமல் இருந்தால் அது கோப்பில் இல்லவே இல்லை. அதே எழுத்துரு உங்கள் கம்ப்யூட்டரில் இருந்தால் எடிட்டர் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் வேறு எழுத்துருவில் போடும், அல்லது கட்டம் கட்டமாகக் காட்டும்.

அடுத்த சிக்கல் எழுத்துச் சேர்க்கை. 'வெ' என்று நாம் தட்டும்போது வகரம் முதலில், கொம்பு பிறகு என்றுதான் யூனிகோடில் பதிவாகிறது. அதைத் திரையில் முன்பின்னாக மாற்றி வைப்பது எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்து செய்யும் வேலை. பல எடிட்டர்கள் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் இந்த வேலை நடப்பதில்லை, கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

திருத்தாமல் நகல் எடுத்தால்கூட இதே கதைதான். பக்கத்தில் கண்ணுக்கு எந்த வரிசையில் தெரிகிறதோ அந்த வரிசையில் வடிவங்கள் வைக்கப்பட்டிருக்கும். ஆகவே 'கோவை' என்பதை நகலெடுத்து ஒட்டினால் சில கோப்புகளில் 'ேகாைவ' என்று வந்து விழும். அந்தக் கோப்பில் 'கோவை' என்று தேடினால் கிடைக்காது. நூறு பக்கப் பட்டியலில் ஒரு பெயரைத் தேடி "இல்லை" என்று முடிவு கட்டுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு என்றால் கேட்கவே வேண்டாம். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தவை. 'தமிழ்' என்பதை எடுத்து ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஐந்து குறிகள் வரும். அவற்றை யூனிகோடாக மாற்ற இலவச மாற்றிகள் உண்டு. எந்த எழுத்துரு என்பது பிடிஎஃப்பின் 'டாக்குமென்ட் ப்ராப்பர்டீஸ்' பெட்டியில் 'ஃபான்ட்ஸ்' பகுதியில் தெரியும். அதைப் பார்த்துவிட்டு மாற்றியைத் தேர்ந்தெடுங்கள்.

மூலக் கோப்பு தொலைந்துவிட்டது. தமிழ் பிடிஎஃப்பை எப்படித்தான் திருத்துவது?

ஒன்றிரண்டு வார்த்தை என்றால், தப்பான இடத்தை வெள்ளைப் பெட்டியால் மூடி, சரியான வார்த்தையைப் படமாக மேலே ஒட்டுவது நடைமுறையில் உள்ள வழி. நோட்டீசுக்கு, அழைப்பிதழுக்கு இது போதும். அடியில் பழைய எழுத்து அப்படியே இருக்கும் என்பதால் ரகசியமான விஷயத்துக்கு இது உதவாது.

பல பக்கம் என்றால் பக்கத்தைப் பார்த்து எழுத்தாக மாற்றும் எழுத்துணரியை (ஓசிஆர்) பயன்படுத்துங்கள். பிடிஎஃப்பை கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழைப் படித்து எழுத்தாக்கிக் கொடுக்கும். வெளியே அனுப்பக் கூடாத ஆவணம் என்றால் டெஸராக்ட் என்ற இலவச மென்பொருள் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இதைச் செய்யும், அதற்குத் தமிழ்த் தரவும் உண்டு. எதில் செய்தாலும் மெய்ப்பு பார்க்காமல் வெளியே விடாதீர்கள். ரகரமும் துணைக்காலும் இடம் மாறும், புள்ளிகள் காணாமல் போகும், எண்களில் 1-உம் 7-உம் குழம்பும். எண்களை ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்ப்பது நல்லது.

ஆதார் எண், சம்பளம் போன்றவற்றைக் கறுப்புப் பெட்டியால் மறைத்து அனுப்பினால் போதுமா?

போதாது. இந்தப் பட்டியலில் ஆபத்தான பழக்கம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். 'ட்ராயிங்' கருவியால் போட்ட கறுப்புப் பெட்டி எழுத்தின் மேல் கிடக்கும் ஒரு படம், அவ்வளவுதான். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினால் எழுத்து முழுசாக வரும். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் டிரம்ப்பின் முன்னாள் பிரசார மேலாளர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில் நடந்ததும் இதுவே. கறுப்புப் பட்டைக்கு அடியில் இருந்த வரிகளைச் செய்தியாளர்கள் நகலெடுத்து அன்றைக்கே வெளியிட்டுவிட்டார்கள். பெரிய வழக்கு, பெரிய வக்கீல்கள்.

கட்டண எடிட்டர்களில் 'ரிடாக்ட்' என்று தனிக் கருவி இருக்கும். அதில் குறித்தால் மட்டும் போதாது, 'அப்ளை' கொடுத்த பிறகுதான் எழுத்து உள்ளிருந்து நீக்கப்படும். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம் என்பேன், குறிப்பாக ஊழியர் விவரங்களைக் கையாளும் அலுவலகங்களுக்கு. ஆதாரைப் பொறுத்தவரை, முதல் எட்டு இலக்கங்கள் மறைத்த பிரதியையே ஆதார் இணையதளத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

பக்கத்தை 'க்ராப்' செய்தால், வரியை அழித்தால், அதுவும் உள்ளேயே இருக்குமா?

க்ராப் என்பது ஜன்னலைச் சின்னதாக்குவது மட்டுமே, வெட்டியதாக நினைத்த பகுதி கோப்பில் இருக்கும். அழித்த வரியும் இருக்கக்கூடும். பிடிஎஃப்பில் சாதாரண 'சேவ்' கொடுத்தால் பழைய உள்ளடக்கத்தைத் தொடாமல் மாற்றங்களைக் கோப்பின் கடைசியில் சேர்த்து எழுதும் முறை உண்டு. தெரிந்தவர்கள் முந்தைய நிலையை மீட்டு எடுத்துவிடுவார்கள். 'சேவ் ஆஸ்' கொடுத்துப் புதிதாக எழுதச் செய்வதும், மறை தகவல்களை நீக்கும் 'சானிடைஸ்' வசதியைப் பயன்படுத்துவதும் நல்லது. யார் உருவாக்கியது, எந்த மென்பொருளில், எந்தத் தேதியில் என்ற விவரமும் உள்ளேயே இருக்கிறது. "போன மாதமே தயாரித்த கடிதம்" என்று சொல்லிவிட்டு நேற்று உருவாக்கிய கோப்பை அனுப்புகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

எழுத்துருவே காட்டிக்கொடுத்த சம்பவமும் உண்டு. நவாஸ் ஷெரிஃப் குடும்பம் கொடுத்த, 2006 தேதியிட்ட பத்திரங்கள் காலிப்ரி எழுத்துருவில் இருந்ததை 2017-இல் பாகிஸ்தானின் விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. அந்த எழுத்துரு பொதுப் புழக்கத்துக்கு வந்ததே 2007-இல்தான்.

டிஜிட்டல் கையொப்பம் போட்ட கோப்பில் ஒரு பக்கம் சேர்க்கலாமா?

சேர்த்தால் கையொப்பம் செல்லாமல் போகும், சில மென்பொருட்களில் ஒட்டுமொத்தமாகக் காணாமலே போகும். டிஜிட்டல் கையொப்பம் கோப்பின் உள்ளடக்கத்தையே கணக்கிட்டுப் பூட்டும் முறை. ஆகவே ஒன்றாக்குவது, எண் போடுவது, அளவு குறைப்பது எல்லாவற்றையும் முடித்துவிட்டு கையொப்பச் சான்றிதழ் உள்ள யுஎஸ்பி டோக்கனைக் கடைசியாகச் செருகுங்கள். வரிசை மாறியதால் ஆடிட்டரை மறுபடி கையொப்பம் போட வைத்துத் திட்டு வாங்கியவர்கள் பலர்.

இ-ஆதார் போன்ற கோப்பில் மஞ்சள் கேள்விக்குறி தெரிந்தால் அது போலி என்று பயப்பட வேண்டாம். கையொப்பமிட்டவரை உங்கள் மென்பொருள் இன்னும் நம்பவில்லை என்றுதான் பொருள். அடோபி ரீடரில் கையொப்பத்தின் மேல் ரைட் கிளிக் செய்து சரிபார்த்து, சான்றிதழ் உரிய அமைப்பினுடையதுதானா என்று பார்த்து நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்தால் பச்சை டிக் வரும். பார்க்கும் மென்பொருளை அப்டேட் செய்து வைத்திருப்பதும் முக்கியம். 2019-இல் ஜெர்மனியில் போஹும் என்ற நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 22 மென்பொருட்களைச் சோதித்தார்கள். அவற்றில் 21-ஐ ஏமாற்றி, மாற்றிய கோப்பிலும் கையொப்பம் சரியென்று காட்ட வைக்க முடிந்தது. அதன் பிறகே பலர் திருத்தம் வெளியிட்டார்கள்.

கையெழுத்தை ஸ்கேன் செய்து படமாக ஒட்டினால் அது டிஜிட்டல் கையொப்பம் ஆகாதா?

ஆகாது. 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையொப்பம் என்று சொல்வது சான்றிதழ் அடிப்படையிலான மறைகுறி முறையை. ஒட்டிய படம் லீவ் லெட்டருக்கும் உள் சுற்றுக்கும் சரி. முதலாளியின் கையெழுத்துப் படத்தை எல்லோரும் எடுக்கும்படி பொது ஃபோல்டரில் போட்டு வைத்திருக்கும் அலுவலகங்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அடுத்தவர் கொடுத்த ஆவணத்தை எடிட்டரில் மாற்றி உண்மையானதாகக் காட்டுவது, இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-ஆம் பிரிவு சொல்லும் போலி ஆவணக் குற்றத்துக்குள் வரும். மின்னணு ஆவணமும் அதில் அடக்கம். "சும்மா தேதியை மட்டும்தான் மாற்றினேன்" என்பது அங்கே பதில் ஆகாது.

கோர்ட்டில் கொடுக்க வேண்டிய பிடிஎஃப் என்றால்?

தொடாதீர்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுப்படி கொடுக்கும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு எடுக்கும் கைரேகை போன்ற குறி) எழுத வேண்டும். திறந்து ஒரு அண்டர்லைன் போட்டு சேவ் செய்தாலே அந்த மதிப்பு மாறிவிடும். குறிப்பு எழுத ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இலவச ஆன்லைன் தளங்களில் செய்தால் என்ன குறைந்துவிடும்?

கோப்பு உங்கள் கையை விட்டு இன்னொருவர் சர்வருக்குப் போகிறது. பெரிய தளங்கள் சில மணி நேரத்தில் அழித்துவிடுவதாகச் சொல்கின்றன, சொன்னபடி செய்யவும் கூடும். ஆனால் தேடலில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்தைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? இலவசக் கோப்பு மாற்றித் தளங்கள் என்ற பெயரில் வைரஸ் ஏற்றுகிறார்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ டென்வர் கிளை 2025 மார்ச்சில் எச்சரித்தது. ஹோட்டல் மெனு கார்டை அங்கே சுருக்குங்கள், பரவாயில்லை. ஊழியர்களின் பான் எண்களும் வங்கிக் கணக்கும் உள்ள பட்டியலை ஏற்றுவது வேறு. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தத் தகவலுக்கு உங்கள் நிறுவனத்தைத்தான் பொறுப்பாக்குகிறது, தளத்தைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது.

பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினால் யாரும் மாற்ற முடியாதுதானே?

எந்தப் பாஸ்வேர்டு என்பதைப் பொறுத்தது. திறப்பதற்கே கேட்கும் பாஸ்வேர்டு நிஜப் பூட்டு, நீளமாக வைத்தால் நன்றாகவே தாங்கும். திறக்க விட்டுவிட்டு "பிரிண்ட் எடுக்காதே, திருத்தாதே" என்று மட்டும் சொல்லும் பாஸ்வேர்டு வெறும் வேண்டுகோள். அதை மதிக்காத மென்பொருட்கள் நிறைய இருக்கின்றன.

போர்ட்டலில் 2 எம்பிக்கு மேல் ஏற்ற முடியவில்லை. எடிட்டர் சுருக்கிக் கொடுக்குமா?

கொடுக்கும், ஆனால் பிரச்சினை பெரும்பாலும் ஸ்கேனரில் இருக்கிறது. ஓர் ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தில் எடுத்தால் சுருக்குவதற்கு முன் சுமார் 26 எம்பி. 150 டிபிஐ, கிரேஸ்கேல் என்று மாற்றினால் அது பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும். அச்செழுத்துக் கடிதத்துக்கு அது தாராளம்.

மட்டுமீறிச் சுருக்குவதிலும் ஆபத்து உண்டு. 2013-இல் டேவிட் க்ரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர் ஸெராக்ஸ் வொர்க்சென்டர் இயந்திரங்களில் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தபோது, வெவ்வேறு அளவுள்ள அறைகள் எல்லாம் 14.13 சதுர மீட்டர் என்று வந்தன. ஒரே மாதிரித் தெரியும் எழுத்துகளை ஒன்றாக்கிச் சுருக்கும் முறை எண்களையே மாற்றிவிட்டிருந்தது. நிறுவனம் பிறகு திருத்தம் வெளியிட்டது. மங்கலாகத் தெரிந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். பளிச்சென்று தெரிந்த தப்பு எண் அது. பேலன்ஸ் ஷீட்டைச் சுருக்கினால் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

படிவத்தைத் திறந்தால் 'ப்ளீஸ் வெயிட்' என்று மட்டும் வருகிறதே?

அது எக்ஸ்எஃப்ஏ என்ற, அடோபி மென்பொருளை நம்பியிருக்கும் பழைய வகைப் படிவம். பிரவுசர்களிலும் பல எடிட்டர்களிலும் திறக்காது, டவுன்லோடு செய்து அடோபி ரீடரில் திறந்து பாருங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் பழைய படிவங்கள் இந்த வகை. 2017-இல் வந்த பிடிஎஃப் 2.0 தரம் இதைக் கைவிட்டுவிட்டது.

பத்துப் பேர் இருக்கிறோம், எத்தனை லைசென்ஸ் வாங்க வேண்டும்?

அநேகமாக ஒன்றோ இரண்டோ. கோப்புகளைத் தொகுப்பவர், ரகசியத் தகவலை நீக்குபவர் ஆகியோருக்கு மட்டும். மற்றவர்கள் படிக்க, கமென்ட் போட, படிவம் நிரப்ப இலவச ரீடரே போதும். எட்ஜ் பிரவுசரில்கூடக் கோடு போடலாம், குறிப்பு எழுதலாம். பக்கங்களைப் பிரிக்கவும் சேர்க்கவும் மட்டும் என்றால் பிடிஎஃப்சாம் இலவசப் பதிப்பு இருக்கிறது. மேக் கம்ப்யூட்டரில் ப்ரிவியூ இருக்கிறது. லிப்ரேஆபீஸ் டிராவில் பிடிஎஃப்பைத் திறந்து திருத்தவும் முடியும், தமிழ் மட்டும் அதிலும் படுத்தும். ஐடி ஆள் இருக்கும் அலுவலகம் என்றால் ஸ்டெர்லிங் பிடிஎஃப் என்பதை உங்கள் சர்வரிலேயே நிறுவிவிடலாம். ஆன்லைன் தளத்தின் வசதியும் கிடைக்கும், கோப்பும் வெளியே போகாது.

சந்தா முறை மென்பொருட்களில் தானாகப் புதுப்பிக்கும் வசதி எந்தக் கார்டில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். வேலையை விட்டுப் போனவர் பெயரில் சந்தா ஓடிக்கொண்டிருப்பதை நிறைய இடங்களில் பார்க்கிறேன். வாங்கும் முன் சோதனைக் காலத்தில் உங்கள் அலுவலகத் தமிழ்க் கடிதம் ஒன்றையும் ஒரு டெண்டர் கட்டையும் போட்டுப் பாருங்கள்.

க்ராக் செய்த பதிப்பு?

வேண்டாம். ஆபீசின் எல்லா ரகசியமும் போய்வரும் மென்பொருளை முகம் தெரியாதவன் மாற்றிக் கொடுத்த வடிவில் போடுவதை நான் செய்து கொடுப்பதில்லை.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பிடிஎஃப்பின் தரம் குறையுமா?

'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் குறையாது. பக்கத்தைப் போட்டோ எடுத்துப் படமாக அனுப்பினால்தான் சுருங்கும். டிஜிட்டல் கையொப்பமும் டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். ஆனால் வாட்ஸ்அப்பின் முன்னோட்டத்தில் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியாது, கம்ப்யூட்டரில் இறக்கித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.